ஒழுங்கைக்குள் தொடர்மாடி: அயலவர் எதிர்ப்பில் எது நிற்கும், எது நிற்காது

திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கல்வியங்காடு, அரியாலை என்று யாழ்ப்பாண நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரே விதமான தகராறு திரும்பத் திரும்ப எழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் உரித்தாளிகள் பழைய வீட்டோடு வளவை விற்கிறார்கள். ஒரு கிழமைக்குள் மாவும் பலாவும் தறிபடுகின்றன. மதிலோரத்தில் டிப்பர் மக்கியைக் கொட்டிவிட்டுப் போகிறது. அத்திவாரக் கம்பி கட்டும்போதுதான், வரப்போவது வீடு இல்லை, நாலு மாடித் தொடர்மாடி என்று அயலுக்குத் தெரியவருகிறது. கையெழுத்து வாங்குகிறார்கள், பதாகை கட்டுகிறார்கள், பிரதேச சபை வாசலில் போய் நிற்கிறார்கள். கட்டிடம் பெரும்பாலும் எழும்பிவிடுகிறது.

இந்த எதிர்ப்புகள் தோற்பதற்கு முதல் காரணம் பிந்திப் போவது. இரண்டாவது காரணம் அதைவிடப் பெரிது: எதை எதிர்க்க வேண்டுமோ அதைத் தொடாமல், கண்ணுக்குத் தெரிகிற உயரத்தை எதிர்ப்பது. “மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் கிணற்றடி தெரியும்”, “ஊரின் அமைதி கெடும்”, “ஆர் ஆரோ வந்து குடியிருப்பினம்” என்பவைதான் மனுக்களில் முதலில் வரும். இவற்றில் எதுவும் அனுமதியை மறுக்கப் போதுமான காரணமாக எந்தத் திட்டமிடல் குழுவுக்கும் தெரிவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வளவில் எத்தனை பேர் வாழலாம் என்பதைத் தீர்மானிப்பது நிலத்துக்கு மேலே உள்ளது அல்ல. கீழே இருக்கும் சுண்ணாம்புக் கல்லும் அதற்குள் நிற்கும் தண்ணீரும்தான்.

கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களுக்குள். அந்த மழை செம்மண்ணுக்குள் ஊறி, வெடிப்பும் பொந்துமாக இருக்கும் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடலிலிருந்து உள்ளே வந்து நிற்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. வலிகாமத்தின் கிணறுகள் எல்லாம் இந்த மிதக்கும் நன்னீரிலிருந்துதான் அள்ளுகின்றன.

மிதப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உவர் 40 அடி மேலே வர இடமுண்டு. தொடர்மாடிக்கு ஒரே இடத்தில் ஆழமான குழாய்க்கிணறு அடித்து, நாள் முழுக்க மோட்டர் ஓடவிட்டால் நடப்பது இதுதான். சுற்றியுள்ள வெட்டுக் கிணறுகளில் மட்டம் அவ்வளவாகக் குறையாது, ஆனால் தேநீரில் சவர் தட்டத் தொடங்கும். “கிணறு வற்றவில்லையே, பிறகென்ன முறைப்பாடு” என்று கேட்கும் பொறியியலாளருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுவே. வற்றுவதற்கு முன்பே கெடும். ஒருமுறை சவர் ஏறினால் திரும்ப மாற்றப் பல மாரி வேண்டும்.

இந்தக் கல் எதையும் வடிகட்டாது என்பதற்கு ஊருக்கே தெரிந்த சான்று சுன்னாகம். கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்த அந்த விவகாரத்தில், மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 சித்திரையில் தீர்ப்பளித்தது. எண்ணெய் என்றபடியால் கண்ணுக்குத் தெரிந்தது. மலக்கழிவிலிருந்து வரும் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, காய்ச்சினாலும் போகாது.

ஒரு வளவின் கணக்கு

மூன்று பரப்புக் காணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஒன்று 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆக 760 சதுர மீற்றர். முந்தி ஐந்து பேர் இருந்த வளவு. இப்போது மாடிக்கு நான்காக 16 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 64 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் தண்ணீர் என்றால் 7,680 லீற்றர். அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவாகத் திரும்பி வரும், அதாவது நாளுக்கு ஆறாயிரம் லீற்றருக்குச் சற்று மேல். இதை ஒரு நாளாவது நிறுத்தி, இரண்டு வருடச் சேற்றுக்கும் இடம் விட்டால், மலக்கழிவுத் தொட்டி 12 கன மீற்றருக்குக் குறையக் கூடாது. நாலு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஒன்றரை மீற்றர். வரைபடத்தில் வாகனத் தரிப்பிடத்துக்குக் கீழே ஒரு சின்னச் சதுரம் போட்டிருந்தால், அதன் அளவைக் கேட்டு இந்தக் கணக்கோடு ஒப்பிட்டாலே பாதி விசயம் வெளித்துவிடும்.

தொட்டி பெரிதாக இருந்தாலும் நைத்திரேற்று நிற்காது. தொட்டியில் படிவது திண்மம். நைதரசனில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீரோடு, அதை நிலத்துக்குள் ஊறவிடும் ஊறல் குழிக்குப் போய்விடும். மனிதக் கழிவில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 கிராம் நைதரசன், வருடத்துக்கு 4 கிலோ. ஐந்து பேர் குடும்பத்திலிருந்து 20 கிலோ; தொட்டி தாண்டி 16 கிலோ; அது முழுதும் நைத்திரேற்றாக மாறினால் 70 கிலோ. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அந்த எல்லைக்குள் 70 கிலோவைக் கரைத்து வைக்க 14 இலட்சம் லீற்றர் நல்ல தண்ணீர் வேண்டும். விழும் மழையில் கால் பங்கு நிலத்தடிக்குப் போகிறது என்று வைத்தால், அந்தத் தண்ணீரைத் தர சுமார் 18 பரப்பு வெறும் நிலம் தேவை. 64 பேருக்கு 230 பரப்பு, அதாவது 14 ஏக்கருக்கு மேல்.

இது உச்சக் கணக்கு. தென்னையும் வாழையும் கொஞ்சம் உறிஞ்சும், மண்ணில் கொஞ்சம் காற்றாகப் போகும். ஆனால் மூன்று பரப்பையும் கொங்கிறீற் போட்டு மூடிய இடத்தில் வாழைக்கு எங்கே இடம்? பாதியாகக் குறைத்தாலும் 115 பரப்பு. அந்தப் பரப்பெல்லாம் அயலவரின் வளவுகள், அங்கே அவர்களுடைய குழிகள் ஏற்கனவே இருக்கின்றன.

இந்தக் கணக்கு அயலவருக்கும் இனிப்பானது அல்ல. 16 பரப்புத் தோட்டக் காணி ஒன்றை நடுவில் பாதை விட்டு இரண்டிரண்டு பரப்பாக ஏழு துண்டு போட்டு விற்கும்போது ஒருவரும் பதாகை கட்டுவதில்லை. ஏழு வீடு, ஏழு கிணறு, ஏழு குழி. இரண்டு பரப்பில் ஐந்து பேர் என்பதே மேலே சொன்ன 18 பரப்புக் கணக்கில் ஒன்பது மடங்கு மீறல். கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் போகின்றன. உயரமாக நிற்பதால் தொடர்மாடி கண்ணை உறுத்துகிறது. தட்டையாகப் பரவுவதால் துண்டுக் காணி உறுத்துவதில்லை. ஒழுங்காகக் கட்டிய சுத்திகரிப்பு அலகோடு நிற்கும் ஒரு தொடர்மாடி, ஏழு தனிக் குழிகளை விட நிலத்தடி நீருக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். ஆகவே கேட்க வேண்டியது எத்தனை மாடி என்று அல்ல. கழிவுநீர் எங்கே போகிறது என்று.

குழி பிழைக்கும் விதம்

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி என்பது ஊரறிந்த விதி. மணலிலும் களியிலும் அது ஓரளவு வேலை செய்யும். சுண்ணாம்புக் கல்லில் ஒரு வெடிப்பு குழியையும் கிணற்றையும் நேராகத் தொடுத்திருந்தால் 50 அடியும் ஒன்றுதான், 100 அடியும் ஒன்றுதான். அதோடு இடைவெளியை அளப்பவர்கள் விண்ணப்பதாரரின் கிணற்றுக்கு மட்டும் அளந்துவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அயல் கிணறுகளை விட்டுவிடுவது வழக்கம். வரைபடத்தில் அயல் கிணறுகள் குறிக்கப்படாவிட்டால் அவை இல்லாதவை போலத்தான் கோப்பு நகரும். எதிர்ப்பு மனுவோடு இணைக்க வேண்டிய முதல் தாள் அதனால் இதுதான்: சுற்றிவர நூறடிக்குள் இருக்கும் ஒவ்வொரு கிணறும், மதிலிலிருந்து அதன் தூரம் அடிக்கணக்கில் குறித்த ஒரு கைப்படம்.

இரண்டாவது பிழை ஊறல் சோதனை. சின்னக் கிடங்கு வெட்டி, தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் திரும்ப நிரப்பி மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இறங்காவிட்டால் குழி சரிவராது என்பது எல்லோருக்கும் விளங்கும். எங்கள் கல்லில் மறுபக்கம்தான் ஆபத்து. விட்ட தண்ணீர் சில நிமிடத்தில் மாயமாகப் போனால் “நல்லா உறிஞ்சுது” என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு வெடிப்பில் விழுந்து, மண்ணில் ஒரு நிமிடம்கூடத் தங்காமல் நேரே நிலத்தடி நீரில் கலந்திருக்கிறது. மிக வேகமாக உறிஞ்சும் குழி தேறாத குழி.

மூன்றாவது, சோதனை செய்யும் மாதம். ஆவணி, புரட்டாதியில் கிணற்று மட்டம் ஆகக் கீழே நிற்கும்போது வெட்டிய குழியின் அடி காய்ந்திருக்கும். மார்கழியில் அதே இடத்தில் நீர்மட்டம் பல அடி மேலே வந்து குழியின் அடியைத் தொட்டுவிடும். அப்போது குழி உறிஞ்சாது, கிணற்றின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். நிரம்பி வழிவதைத் தடுக்க இரவில் சின்ன மோட்டர் வைத்து மழைநீர்க் கானுக்குள் இறைத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. கான் கறுத்து மணத்தால் அதன் அர்த்தம் இதுவே. குழியின் அடி, மாரிக்கால உச்ச நீர்மட்டத்துக்குக் குறைந்தது ஒரு மீற்றர் மேலே இருக்க வேண்டும். பக்கத்துக் கிணற்றின் உள்சுவரில் மாரித் தண்ணீர் நின்ற கறை தெரியும். அதிலிருந்து நிலமட்டம் வரை நாடா பிடித்து அளந்து, திகதியிட்ட படமும் எடுத்து வைத்தால், அதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் வழியில்லை.

மாற்று வழிகள் இருக்கின்றன. எதிர்ப்பவர்களே அவற்றை எழுதிக் கேட்கலாம். தொட்டிக்குப் பிறகு காற்றில்லாச் சல்லி வடிகட்டி, அதன்பின் நிலமட்டத்துக்கு மேலே உயர்த்திய மணல் படுக்கை, அல்லது கல்வாழை நட்ட சல்லிப் படுக்கை. இடம் போதாவிட்டால் காற்றூட்டும் சுத்திகரிப்பு அலகு. அதுவும் இல்லையென்றால் அடி மூடிய தொட்டியும் கழிவை ஏற்றிப் போகும் பௌசரும்தான். நாளுக்கு ஆறாயிரம் லீற்றர் என்றால் ஐயாயிரம் லீற்றர் பௌசர் நாள்தோறும் ஒரு தடவைக்கு மேல் வர வேண்டும். அந்தச் செலவை எவரும் நீடித்துக் கட்டப்போவதில்லை என்பதால் “மூடிய தொட்டி” என்று வரைபடத்தில் இருந்தால் அதை நம்பக் கூடாது. காற்றூட்டும் அலகுக்கும் மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். வீடுகள் விற்றுத் தீர்ந்ததும் கட்டியவர் போய்விடுவார். பிறகு மாதாமாதம் பணம் சேர்த்து அலகை ஓட்டும் பொறுப்பு உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தினுடையது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின் கீழ் அது முறையாக அமையுமா, வீடுகள் வாடகைக்கு மட்டும்தானா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்பது நல்லது.

“குழாய்த் தண்ணீர் வருகுது தானே” என்று ஒரு பதில் இப்போது அடிக்கடி வருகிறது. தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறக்கப்பட்டது உண்மை. கிணற்றுக்கு மேலான இறைப்புச் சுமையை அது குறைக்கும். ஆனால் குழாயில் வரும் ஒவ்வொரு லீற்றரும் கழிவாக வெளியேற வேண்டும், யாழ்ப்பாணத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை. தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து கழிவைக் குழியில் விட்டால், கல்லுக்குள் போகும் கழிவு கூடுமே தவிரக் குறையாது.

ஒழுங்கை, வெள்ளம்

ஒழுங்கைகள் மாட்டுவண்டிக் காலத்து அகலம். பல ஒழுங்கைகள் சபைக்குச் சொந்தமானவையும் அல்ல. உறுதியில் “வழி வாய்க்கால் உரிமையும் கிணற்றுப் பங்கும்” என்று எழுதப்பட்ட பொதுப்பாதைகள். இந்த ஒரு வரி மிகவும் பெறுமதியானது. ரோமன் டச்சுச் சட்டப்படி வழியுரிமை உள்ளவர் அதன் சுமையை நியாயமற்ற முறையில் கூட்டக் கூடாது. ஒரு குடும்பம் நடக்கவும் வண்டி விடவும் கிடைத்த உரிமையைப் பதினாறு குடும்பத்தின் வாகனத்துக்கு விரிக்க முடியுமா என்பது மாவட்ட நீதிமன்றத்தில் எடுத்துரைக்கக்கூடிய கேள்வி. எதிர்ப்பவர்கள் பலர் தங்கள் உறுதியை எடுத்துப் பார்ப்பதே இல்லை.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் 1986இல் வந்தவையாக இருக்கட்டும், 2021இல் வந்தவையாக இருக்கட்டும், பாதையால் பயன்பெறும் வீடுகள் கூடக் கூடப் பாதையின் அகலமும் கூட வேண்டும் என்கின்றன. மாடி கூடினால் பின்வெளி கூட வேண்டும். குடியிருப்புக் கட்டிடம் காணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூடக் கூடாது. ஏமாற்று நடப்பது அளவில். வளவு வாசலில் மதிலை உள்ளே தள்ளி அங்கே இருபதடி காட்டுவார்கள். பிரதான வீதியிலிருந்து வளவு வரை ஒழுங்கை பத்தடியாகவே இருக்கும். ஒழுங்கைத் தொடக்கத்திலிருந்து முப்பதடிக்கு ஒருமுறை நாடா பிடித்து, மின்கம்பம், மதகு, மதில் மூலை எல்லாம் கழித்து ஆகக் குறுகிய அகலத்தை எழுதுங்கள். தீயணைப்பு வாகனம் திரும்புமா என்ற கேள்விக்கு அந்த ஓர் எண் போதும். இருநூறு கையெழுத்தை விட அதற்குப் பாரம் அதிகம்.

வெள்ளத்துக்கும் கணக்கு உண்டு. நூறு மில்லிமீற்றர் மழை மூன்று பரப்பில் 76,000 லீற்றர். முற்றமும் மரமுமாக இருந்த வளவு அதில் பெரும்பகுதியைத் தானே குடித்துவிடும். கூரையும் கொங்கிறீற்றுமாக மூடினால் அதில் பெரும்பகுதி ஒழுங்கைக்குத்தான் வரும். மக்கி கொட்டித் தரையை இரண்டடி உயர்த்தியிருந்தால், வழமையாக அந்த வளவுக்குள் போய் நின்ற அயல் வெள்ளமும் போக்கிடம் இன்றித் திரும்பும். 2008 கார்த்திகையில் நிஷா புயலும் 2020 மார்கழியில் புரேவியும் எந்தத் தாழ்வுகளில் தண்ணீர் நிறுத்தின என்பது ஊருக்குத் தெரியும். சுவரில் கறையும் இருக்கும். மழைநீரைத் தன் வளவுக்குள்ளேயே நிலத்துக்குள் விடும் கிடங்கு வரைபடத்தில் உண்டா, அது மலக்குழியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். வயலாக இருந்த நிலமானால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் நிரப்ப முடியாது; கமநல சேவை நிலையத்தில் நெற்காணிப் பதிவைப் பார்க்கலாம்.

எங்கே, எப்போது

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், 1982இல் திருத்தப்பட்ட பின், பிரகடனப்படுத்திய பகுதிகளில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டக் கூடாது என்கிறது. சிறிய கட்டிடங்களுக்கு அந்த அதிகாரம் உள்ளூராட்சி சபைக்குக் கையளிக்கப்பட்டிருக்கும். பெரியவை அதிகார சபையின் மாகாண அலுவலகத்துக்குப் போகும். சபையில் திட்டமிடல் குழு கூடும். அங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் எழுதும் சிபாரிசுதான் கோப்பின் முதுகெலும்பு. அயலவரின் கிணற்றுப் படமும் ஒழுங்கை அளவும் அந்தச் சிபாரிசு எழுதப்படுவதற்கு முன் அவர்கள் கையில் இருக்க வேண்டும். காணி விற்கப்பட்டது தெரிந்த அன்றே தொடங்கினால்தான் அது நடக்கும். கம்பி கட்டிய பிறகு தொடங்கினால் நடக்காது.

அனுமதி கொடுத்தாயிற்றா, யார் என்ன நிபந்தனையோடு கொடுத்தார் என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு. “தொடர்மாடி பற்றிய விவரம்” என்று கேட்டால் விவரம் வராது. அங்கீகரித்த வரைபடப் பிரதி, மலக்கழிவுத் தொட்டியின் அளவும் ஊறல் சோதனை அறிக்கையும், பாதை அகலம் பற்றிய குறிப்பு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சிபாரிசு, அனுமதியின் நிபந்தனைகள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாக் கடிதமும் பதிவுத் தபாலில், பிரதி சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும்.

சுற்றாடல் மதிப்பீடு கேட்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். 1993இல் வர்த்தமானியில் வந்த பட்டியலின்படி, வீடமைப்புக்கு 1,000 வீட்டுக்கு மேல் போனால்தான் அந்த மதிப்பீடு கட்டாயம். பதினாறு வீடு அந்தப் பக்கமே வராது. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி அயலவருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு என்பதும் தவறான நம்பிக்கை. 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்த உரிமை கூட்டுப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும்தான். ஆனால் கிணறோ வளவோ பங்குக் காணியாக இருந்தால் அது பெரிய ஆயுதம். விற்றவர் பங்காளிகளுக்கு முறையாக அறிவித்தாரா என்று பாருங்கள். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாக்கினால் பத்து வீதத்தைப் பொதுவெளிக்கு விட வேண்டும் என்ற விதியும் 1986 முதல் உண்டு. ஒரு ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 39 பரப்பு என்பதால், முப்பத்தைந்து பரப்பாகப் பிரித்துப் பிரித்து விண்ணப்பிப்பதைப் பார்க்கலாம்.

அனுமதி இல்லாமலோ மீறியோ கட்டினால் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் அறிவித்தல் கொடுத்து, பிறகு நீதவான் நீதிமன்றில் கட்டளை பெறலாம். நடைமுறையில் தண்டப்பணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வழியும் திறந்தே இருப்பதால், கொங்கிறீற் போட்ட மாடி உடைபடுவது அருமை. அனுமதியையே ரத்துச் செய்யும்படி நீதிமன்றிடம் எழுத்தாணை கேட்டு எதிர்ப்பதானால் தாமதம்தான் முதல் எதிரி. தெரிந்தும் பேசாமல் இருந்து மூன்றாம் மாடி எழும்பியபின் வந்தவருக்கு நீதிமன்றம் இலேசில் இரங்காது.

எதிர்க்கக் கூடாதது

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சில எதிர்ப்புகளில் தண்ணீரும் ஒழுங்கையும் வெறும் போர்வை. உள்ளே இருப்பது வரப்போகிறவர்கள் யார் என்ற கேள்வி. எந்த ஊர், எந்தச் சாதி, வாடகைக்கு வரும் மாணவர்களா, முகாமிலிருந்து வருபவர்களா என்று. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கோணாப்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களில் தசாப்தக் கணக்கில் தகரத்துக்குக் கீழே கிடந்தன. அப்படியானவர்களுக்கு ஒரு துண்டு நிலம் கொடுக்கப்படும்போது “ஊர் கெட்டுப்போகும்” என்று மனு எழுதுவது அநியாயம். அதைத் தண்ணீர்க் கணக்கால் மூட முடியாது. பல்கலைக்கழகத்தைச் சுற்றித் தங்குமிடம் வேண்டும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் முதியவர்களுக்குப் பாதுகாப்பான சிறிய வீடும் வேண்டும். இந்தத் தேவைகள் பொய்யில்லை. அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்: எதிர்ப்பவரின் சொந்தக் குழி அயல் கிணற்றிலிருந்து எத்தனை அடி என்பதும் அதே கைப்படத்தில் குறிக்கப்பட வேண்டும்.

கட்டுவது நிச்சயமாகிவிட்டால் வேலை முடிந்துவிடவில்லை. கல்லுடைக்கும் இயந்திரம் இறங்குவதற்கு முன் அயல் வீடுகளின் சுவர் வெடிப்பு, கிணற்றுக் கட்டு எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்கள் அதிர்வில் முதலில் விடும். மூன்று கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பரிசோதியுங்கள்: மின்கடத்துதிறன், குளோரைட்டு, நைத்திரேற்று, ஈ கோலை. புரட்டாதியில் ஒருமுறை, மாரி முடிந்த கையோடு ஒருமுறை. கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலில்தான் எடுக்க வேண்டும், பனிக்கட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டுவதற்கு முந்திய அறிக்கை கையில் இல்லாவிட்டால், ஐந்து வருடத்துக்குப் பிறகு கிணறு கெட்டதை எவரிடமும் நிரூபிக்க முடியாது.

கடைசி வாய்ப்பு, தொட்டிக்கு மூடி போடுவதற்கு முதல் நாள். அனுமதிப்படியே கட்டியிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழ் கேட்டு வரும்போது பரிசோதகர் பார்ப்பது மண் நிரப்பி மேலே கல் பதித்த தரையை மட்டும்தான். உள்ளே அடித்தளம் போட்டிருக்கிறதா, நடுச்சுவர் உண்டா, குழியின் அடி கல்வெடிப்பில் நிற்கிறதா என்று அன்றைக்குத் தெரியாது. தொட்டி கட்டி, தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்கவில்லை என்று பரிசோதகர் கண்ணால் கண்டு எழுதிய பிறகே மூடலாம் என்ற நிபந்தனையை அனுமதிப்பத்திரத்தில் சேர்க்கும்படி திட்டமிடல் குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மேசன் மூடிப் பலகை அடிக்கத் தொடங்கும் நாள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பரிசோதகருக்கு அன்று காலையே தொலைபேசி எடுங்கள்.